புது ஏர் பிஸ்டல், ட்ரிகருக்குள் மணல்: ஆறு வாரம் பழக்கிய பிறகு எழுதுகிறேன்

மகளுக்கு 10 மீட்டர் ஏர் பிஸ்டல் ஒன்று வாங்கி இன்றோடு ஆறு வாரம். பெட்டியைப் பிரித்த அன்று ராத்திரியே எழுத உட்கார்ந்திருந்தால் ஐந்துக்கு இரண்டு போட்டு, யாரும் வாங்காதீர்கள் என்று முடித்திருப்பேன். இப்போது நான்கு போடுகிறேன். இத்தனைக்கும் நடுவில் ஒரு பாகம்கூட மாற்றவில்லை, ட்ரிகரில் எங்கேயும் அரம் வைக்கவில்லை, எமரித் தாள் வைக்கவில்லை. ட்ரிகரைக் கழுவினோம், துளி எண்ணெய் விட்டோம், பழக்கினோம், அவ்வளவுதான். புதுத் துப்பாக்கியின் ட்ரிகர் நறநறவென்று இருக்கிறதே, திருப்பி அனுப்பலாமா, யாரிடமாவது கொடுத்துத் தேய்க்கச் சொல்லலாமா என்று குழம்பிக்கொண்டிருக்கிறவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. ஒரே ஒரு பிஸ்டலை வைத்து ஒரு கம்பெனிக்கே தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை, அதோடு இந்த விலையில் வருகிற வேறு பிஸ்டல்களுக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும். நம் நாட்டிலேயே செய்தது, சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று அடைத்துச் சுடுகிற வகை, அலுமினிய உடம்பு, மரக் கைப்பிடி. வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும், இதற்கு அதில் பாதிக்கும் குறைவாகத்தான் ஆனது.

மகள் பதினோராம் வகுப்பு. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதைப் பார்த்துவிட்டு ரைஃபிள் கிளப்பில் சேர்த்துவிடச் சொன்னவள், அதிலிருந்து கிளப்பின் பழைய பிஸ்டலில்தான் சுட்டுக்கொண்டிருந்தாள். அது எத்தனை பேர் கைபட்டதோ, கைப்பிடி கறுத்துப் போயிருக்கும், ஆனால் ட்ரிகர் மட்டும் வெண்ணெய் மாதிரி. அந்த விரலோடு வந்து புதுசை எடுத்து, சுவரைப் பார்த்து நீட்டி, காலியாக ஒரு தடவை இழுத்தாள். முகம் மாறிவிட்டது. "அப்பா, உள்ள மணல் இருக்குதுங்க" என்றாள். நானும் வாங்கி இழுத்துப் பார்த்தேன். சோற்றில் கல் கடிபடுமே, அதே உணர்வு விரல் நுனியில். ஓரிடத்தில் தடுக்குகிறது, விடுகிறது, மறுபடி தடுக்குகிறது, அப்புறம் திடீரென்று சுத்தியல் (உள்ளே காற்று வால்வைத் தட்டிக் குண்டைக் கிளப்பும் பாகம்) விழுகிறது. பத்துத் தடவை இழுத்தால் பத்துத் தடவையும் வேறு வேறு இடத்தில் விழுகிறது.

சுட்டுப் பழகாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம், அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 10 மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அங்கிருந்து 8 மி.மீ. தள்ளித் தள்ளி ஒவ்வொரு வளையமும் ஒரு மதிப்பெண்ணைத் தின்றுவிடும். எங்கள் பிஸ்டலில் குறி பார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி 32 செ.மீ. ட்ரிகரை இழுக்கிற நேரத்தில் முன் சைட் ஒரே ஒரு மி.மீ. நகர்ந்தால் அட்டையில் அது ஏறக்குறைய 31 மி.மீ. ஆகிவிடும், அதாவது நட்டநடுவில் விழ வேண்டிய குண்டு ஏழில் போய் விழும். இதை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, 75 நிமிடத்தில் 60 தடவை செய்ய வேண்டும். ட்ரிகர் இழுக்க ஆகிற எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. அரை கிலோ யாருக்கும் பாரமே இல்லை, சீராக ஏறினால் ஒரு வாரத்தில் விரலுக்கு அது பழகிவிடும். நடுவில் தடுக்கினால்தான் வம்பு. அந்த இடத்தைத் தாண்டுவதற்காக விரல் தன்னையறியாமல் வெடுக்கென்று இழுக்கும், வலது கைக்காரர்களுக்குக் குண்டு கீழே இடப்பக்கமாகப் போகும். முதல் வாரம் அவளுடைய அட்டைகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. அதைவிடக் கொடுமை, தப்பு தன் விரலிலா துப்பாக்கியிலா என்று அவளுக்கே தெரியாமல் போனதுதான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விற்ற கடைக்குப் போன் போட்டேன். "புதுசுங்க சார், சுடச் சுடச் சரியாயிடும்" என்றார்கள். கோபம் வந்தது, ஏனென்றால் அது பாதிதான் உண்மை, மீதிப் பாதியை அவர்கள் சொல்லவில்லை. அந்த மீதியை எனக்குச் சொன்னது எங்கள் அம்மா. கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "புது ஆட்டுக்கல்லுன்னா எடுத்த எடுப்புல மாவா ஆட்டுவாங்க? கழுவிட்டு, தவிட்டப் போட்டு நாலு தடவ ஆட்டி, கழுவி ஊத்திட்டுத்தான் அரிசி போடோணும்" என்றார். அம்மி கொத்தின வீடுகளில் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். பழக்க வேண்டும் என்பது சரி. ஆனால் கழுவாமல் பழக்கினால் மணல் மாவோடு சேர்ந்துவிடும், இரும்பாக இருந்தால் அந்த மணலே இரும்பை அறுக்கும்.

நான் கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை ஒன்றின் டூல் ரூமில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன், அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல முடியும். மில்லிங்கில் (சுழலும் வெட்டுக்கருவியில் சீவி) எடுத்த இரும்பு முகம் கண்ணுக்குப் பளபளவென்று தெரியும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் உழுத வயல் மாதிரி இருக்கும். மில்லிங்கில் சொரசொரப்பு பொதுவாக Ra (சராசரிச் சொரசொரப்பு) கணக்கில் 1.6-லிருந்து 3.2 மைக்ரான் வரும், கிரைண்டிங் பிடித்தால் 0.4 பக்கம் வரும், லேப்பிங் (நுண்தூள் பசையில் தேய்ப்பது) போட்டால் 0.1-க்கும் கொண்டுவரலாம். ஒவ்வொரு படியும் நேரம், ஒவ்வொரு படியும் காசு. விலை உயர்ந்த துப்பாக்கியில் சியர் முகத்தை லேப்பிங் வரைக்கும் கொண்டுபோயிருப்பார்கள், நம் விலைக்கு அது கட்டுபடியாகாது. (சியர் என்பது சுத்தியல் விழாமல் பிடித்து வைத்திருக்கும் கொக்கி. நாம் ட்ரிகரை இழுக்கும்போது அதன் நுனி கடைசித் துளி தூரம் வழுக்கி விடுவித்தால்தான் குண்டு கிளம்பும்.) அந்த உழவுச் சால்களின் மேடுகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து சமமாகிற வரை கொஞ்சம் நறநறப்பு இருக்கத்தான் செய்யும். எந்தப் புது இயந்திரத்திலும் உள்ளது அது, அதைக் குறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பிஸ்டலில் இருந்தது அது மட்டுமில்லை.

கண்டுபிடித்த விதம் இதுதான். இந்த ட்ரிகர் இரண்டு கட்டமாக இழுபடும், முதல் கட்டம் லேசாக ஒரு தூரம் வரும், ஒரு சுவரில் முட்டிய மாதிரி நிற்கும், இரண்டாம் கட்டத்தில் சுடும். கண்ணை மூடிக்கொண்டு மிக மெதுவாக இழுத்து, தடுக்கும் இடம் சுவருக்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் கவனித்தேன். சுவருக்குப் பின்னால் தடுக்கினால் சியர் முகத்தின் வேலை. சுவருக்கு முன்னாலேயே தடுக்கினால் சியருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது ட்ரிகர் ஆடும் பின்னிலோ (அச்சுக் கம்பியிலோ) ஸ்பிரிங்கிலோ இருக்கிற அழுக்கு. எங்களுடையதில் இரண்டு இடத்திலும் இருந்தது, ஆனால் முக்கால் பங்கு முன்னால்தான். இதைத் தெரிந்துகொண்டதும் பாதிக் கவலை போய்விட்டது. உங்கள் துப்பாக்கியிலும் முதலில் இதைச் செய்யுங்கள், ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் கம்பெனிக்கே மெயில் போட்டேன். கடையைவிட அவர்கள் நன்றாகப் பேசினார்கள் என்று சொல்ல வேண்டும். ட்ரிகர் தொகுதியை இரண்டு ஆலன் ஸ்க்ரூ கழற்றி முழுசாக வெளியே எடுக்கலாம், கழுவலாம், வாரண்டி போகாது, ஆனால் தொகுதியை உள்ளே பிரிக்காதீர்கள் என்று பதில் வந்தது. பதில் வர நான்கு நாள் ஆனது. காத்திருந்தேன். நீங்களும் கேட்காமல் கழற்றாதீர்கள், ஒவ்வொரு மாடலும் ஒவ்வொரு மாதிரி.

கழற்றுவதற்கு முன்னால் காற்றுச் சிலிண்டரைத் தனியாக எடுத்துவிட்டேன், மீதிக் காற்று வெளியேற, குழாய் காலி என்று பார்த்த பிறகு, சுவரைப் பார்த்து இரண்டு தடவை இழுத்துவிட்டேன், குழாய்க்குள் குண்டு இல்லை என்று டார்ச் அடித்து நான் ஒரு முறையும் மகள் ஒரு முறையும் பார்த்தோம். பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தோம். 4.5 மி.மீ. துளை, 20 ஜூலுக்கு உட்பட்ட சக்தி என்பதால் நம் ஊரில் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை, ஆனால் அதை விளையாட்டுச் சாமான் என்று யாரும் நினைக்க வேண்டாம். 0.53 கிராம் ஈயக் குண்டு நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் போனால் 6 ஜூல், ஒரு கண்ணைக் குருடாக்க அது தாராளம்.

தொகுதியை வெளியே எடுத்து 10 மடங்கு லென்ஸில் பார்த்தேன். பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி இறுகிய எண்ணெய், துரு பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்பியது. அதில் நுண்ணிய இரும்புத்தூள் மினுமினுத்தது. ட்ரிகர் பின்னுக்குப் பக்கத்தில், அந்தப் பிசினில் ஒட்டிக்கொண்டு, அலுமினியச் சுருள் ஒன்று, அரை எள் அளவு. பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஸ்க்ரூ துளைக்கு மரை வெட்டும்போது வந்த சுருள். அதை ஊதித் துடைக்காமல் பூட்டிவிட்டார்கள். மகளின் இரண்டு நாள் சாப்பாட்டைக் கெடுத்தது அந்த அரை எள். இதுதான் இந்தப் பிஸ்டல் மேல் எனக்குள்ள ஒரே பெரிய குறை, ஒரு நட்சத்திரம் குறைத்ததும் இதற்காகத்தான். டூல் ரூமில் புதிதாகச் சேர்கிற பையனுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே மரை வெட்டினால் காற்றடித்துத் துடை என்பதுதான். பூட்டுவதற்கு முன் ஒரு நிமிட வேலை.

கழுவியது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, தொகுதியை முக்கி, பழைய மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி, மூன்று தண்ணி மாற்றினேன், மூன்றாவது தெளிவாக வந்தது. பெட்ரோல், தின்னர் எல்லாம் வேண்டாம், பக்கத்தில் ரப்பர் ஓ-ரிங் இருக்கிற பொருளில் அதைப் பயன்படுத்தினால் ரப்பர் ஊதிப்போகும். நன்றாகக் காயவிட்டு, தையல் ஊசி நுனியில் தொட்டு பின்னுக்கு இந்தப் பக்கம் ஒரு துளி, அந்தப் பக்கம் ஒரு துளி மெல்லிய எண்ணெய். சியர் நுனிக்கு மட்டும் மாலிப்டினம் கிரீஸ், கடுகில் பாதி. அதற்கு மேல் ஒரு துளி போட்டாலும் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இந்த எண்ணெய் ட்ரிகரோடு நிற்க வேண்டும். காற்று போகும் பக்கம், சிலிண்டர் வாய், வால்வு, அங்கெல்லாம் பெட்ரோலிய எண்ணெய் படவே கூடாது, உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் பற்றிக்கொள்ளும். அந்த இடங்களுக்கு சிலிக்கான் கிரீஸ்தான்.

பூட்டி இழுத்தோம். முதல் கட்டம் சுத்தமாக வந்தது, ஒரு தடுக்கல் இல்லை. மகள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டாம் கட்டத்தில் மட்டும் கடைசியில் லேசாக ஒரு கரகரப்பு மிச்சம் இருந்தது.

அந்த மிச்சத்தில்தான் எனக்குச் சோதனையே. என் மேசை இழுப்பறையில் நல்ல எண்ணெய்க் கல் இருக்கிறது, மிக மெல்லிய ரகம். பஞ்ச், டை முனைகளை அதில்தான் முடிப்பேன். சியர் முகத்தில் பத்து இழுப்பு இழுத்தால் போதும், அந்தக் கரகரப்பு அன்றைக்கே போயிருக்கும். கை தெரிந்தவனுக்கு அந்த ஆசை எவ்வளவு பெரியது என்று கை தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் கல்லை எடுக்கவில்லை, காரணம் இரண்டு.

முதல் காரணம் உலோகம். இந்த மாதிரிச் சின்ன பாகங்களைப் பல நேரம் மேல்தோல் மட்டும் கடினமாகும்படி சூடுபடுத்தி எடுத்திருப்பார்கள். உள்ளே மெத்தென்ற இரும்பு, மேலே மெல்லிய கடினத் தோல். நம்முடையது அப்படியா, எத்தனை ஆழம் என்று பார்த்துச் சொல்ல முடியாது. கல் போட்டு அந்தத் தோலைத் தாண்டிவிட்டால் முதல் வாரம் வெண்ணெயாக இருக்கும், அப்புறம் உள் இரும்பு தேய ஆரம்பிக்கும். அதோடு கோணம். சியரும் சுத்தியலும் சந்திக்கும் கோணம் ஒரு டிகிரி தப்பான பக்கம் சாய்ந்தால் அது பிடித்து நிற்காது, தானாக வழுக்கும். ஜிக் (கோணம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் சட்டம்) இல்லாமல் வெறுங்கையில் அந்தக் கோணத்தைக் காப்பாற்ற என்னாலும் முடியாது.

இரண்டாவது காரணம் கண்ணால் பார்த்தது. போன வருடம் கிளப்பில் ஒரு பையன் தன் பிஸ்டலை யாரோ தெரிந்தவரிடம் கொடுத்துத் தேய்த்து வாங்கி வந்தான். எல்லோரும் இழுத்துப் பார்த்து ஆகா என்றார்கள், உண்மையிலேயே அப்படி ஒரு ட்ரிகர். மூன்றாவது வாரம், குண்டு போட்டு மூடியை மூடியதும், விரல் ட்ரிகரில் படவே இல்லை, சுட்டுவிட்டது. கிளப்பில் குழாய் எப்போதும் அட்டையைப் பார்த்தே இருக்க வேண்டும் என்ற விதியைக் கோச் சார் உயிரைப்போலக் காப்பவர், அதனால் குண்டு தரையில் பட்டதோடு போனது. பையன் வெளிறிப்போய் உட்கார்ந்துவிட்டான். கோச் சார் சத்தம்கூடப் போடவில்லை. துப்பாக்கியை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, "புது சியர் போட்டுட்டு வாப்பா" என்று மட்டும் சொன்னார். அந்தக் காட்சி என் கண்ணில் இருக்கும்போது என் மகளின் துப்பாக்கியில் கல் வைக்க எனக்குக் கை வராது. பல் பசை போட்டுத் தேய், பாத்திரம் துலக்கும் பாலிஷ் போட்டுத் தேய் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பின்னைத் தேய்த்தால்கூடப் பரவாயில்லை என்று விடலாம். சியர் முகத்தைத் தொடவே தொடாதீர்கள்.

அப்போ மிச்சக் கரகரப்புக்கு என்ன வழி? தவிடுதான். இந்தப் பிஸ்டலில் காற்று வீணாகாமல், குண்டு இல்லாமல், ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகும் வசதி இருக்கிறது, டிரை ஃபயர் என்பார்கள். போட்டிக்குச் செய்யும் காற்றடைத்த பிஸ்டல்களில் இது பெரும்பாலும் இருக்கும். (மடக்கி இழுக்கும் ஸ்பிரிங் ஏர் கன்னில் மட்டும் இப்படிக் காலியாகச் சுடாதீர்கள். குண்டு இல்லாவிட்டால் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை இருக்காது, போய் இடித்து சீல் உடையும்.) பள்ளி விட்டு வந்ததும் சுவரில் ஒட்டிய வெள்ளைத் தாளைப் பார்த்து 100, ராத்திரி படிப்பு முடிந்ததும் 100. வெறுமனே டப் டப் என்று இழுக்கக் கூடாது என்று கோச் சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், ஒவ்வொன்றும் போட்டியில் சுடுவதுபோல், சைட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை லீவு. இரண்டாம் வார முடிவில் தொகுதியை எடுத்து மறுபடி கழுவினேன், ஆல்கஹாலில் லேசாகச் சாம்பல் நிறம் இறங்கியது. தேய்ந்த மேடுகள்தான் அது. அம்மாவிடம் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். நான்காம் வாரம் கழுவியபோது தண்ணி தெளிவாகவே இருந்தது.

இதைக் கையுணர்வை மட்டும் நம்பிச் சொல்லவில்லை, அளந்தோம். 40 மி.மீ. பித்தளைக் கம்பியில் 47 மி.மீ. நீளம் வெட்டினால் ஏறக்குறைய அரை கிலோ வரும். லேத்தில் பிடித்து, கொக்கி வைத்து, கொக்கியோடு சேர்த்து சரியாக 500 வரும்வரை முகத்தைக் கடைந்தேன். தங்க வேலை செய்யும் நண்பரின் பட்டறைத் தராசில் நிறுத்துச் சரிபார்த்தேன். மேலே கோர்க்க 10 கிராம் வளையங்கள் தனியாகச் செய்தேன். போட்டியில் சோதிப்பதும் இப்படித்தான், குழாயை நேர் மேலே பார்த்துப் பிடித்து, மேசையில் இருக்கும் எடையை ட்ரிகரின் நடுவில் மாட்டி மெதுவாகத் தூக்குவார்கள், எடை மேசையை விட்டு எழும்வரை சுத்தியல் விழக் கூடாது. முதல் நாள் எங்களுடையது 540-க்கும் விழுந்தது, 690 வரைக்கும் தாங்கியது. 150 கிராம் வித்தியாசம்! கழுவின அன்று 550-லிருந்து 600. மூன்றாம் வாரம் 540, 565. ஆறாம் வாரம் பதினைந்து தடவை அளந்ததில் எல்லாமே 530-க்கும் 540-க்கும் நடுவில். எனக்கு மொத்த எடை குறைந்ததில் பெரிய சந்தோஷமில்லை, அந்த இடைவெளி 150-லிருந்து 10 ஆனதுதான் சந்தோஷம்.

எடையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ, முதல் கட்ட ஸ்க்ரூ, ட்ரிகர் நிற்கும் இடத்துக்கான ஸ்க்ரூ, எல்லாம் இருக்கின்றன. மூன்று வாரம் எதையும் தொடவில்லை. பழகி முடிவதற்குள் திருகினால் எது எதனால் மாறியது என்றே தெரியாது. நான்காம் வாரம் எடை ஸ்க்ரூவை மட்டும் கால் சுற்றுத் தளர்த்தினேன். சியர் எவ்வளவு ஆழம் கொக்கியிருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு ஸ்க்ரூ உண்டு, அதைக் கம்பெனி வைத்தபடியே விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை பூட்டின பிறகும், குண்டில்லாமல் காக் செய்து (சுத்தியலைச் சியரில் மாட்டி), உள்ளங்கையால் கைப்பிடியின் அடியில் பலமாக நான்கைந்து தட்டு. சுத்தியல் விழுந்தால் அந்தத் துப்பாக்கியில் குண்டு போடக் கூடாது. எங்களுடையது ஒரு தடவைகூட விழவில்லை.

மதிப்பெண் ஏறியதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பத்துக் குண்டுக்கு 82, 83 என்று இருந்தவள் இப்போது 87, 88 எடுக்கிறாள். இதில் ட்ரிகர் எவ்வளவு, ஆறு வாரத்தில் அவள் இழுத்த ஏழாயிரத்துச் சொச்சம் டிரை ஃபயர் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. கோச் சாரைக் கேட்டால் அவள் உழைப்பு என்கிறார், அவளைக் கேட்டால் ட்ரிகர் என்கிறாள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் சைட் கிளிக் துல்லியம், ஒவ்வொரு கிளிக்கும் ஒரே அளவு நகர்கிறது, இந்த விலையில் எதிர்பார்க்கவில்லை. குழாய் நன்றாக இருக்கிறது, பிடிமேடையில் வைத்துச் சுட்டதில் ஐந்து குண்டும் ஒரே துளை. கைப்பிடி சராசரிக் கைக்குப் பெரிசு, மகளின் சுண்டு விரலுக்குப் பிடியே கிடைக்கவில்லை, மரத்தூள் கலந்த புட்டிப் பசையை வைத்து நிரப்பி அவள் கைக்குத் தகுந்த மாதிரி செதுக்கினோம், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. சிலிண்டரில் தயாரித்த தேதி பொறித்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், பத்து வருடத்துக்கு மேல் பழசானால் போட்டியில் விட மாட்டார்கள். பெட்டி சுமார்.

யார் வாங்கலாம்? கிளப்பில் ஒரு வருடமாவது சுட்டுப் பழகி, நல்ல ட்ரிகர் எப்படி இருக்கும் என்று விரலுக்குத் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம், பொறுமை மட்டும் வேண்டும். முதல் துப்பாக்கியாக, எதுவுமே தெரியாமல் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். தடுக்கலை அவர்கள் தங்கள் தப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு வருடம் வெடுக் வெடுக்கென்று இழுத்தே பழகிவிடுவார்கள், அப்புறம் அதை மறக்க வைக்க இரண்டு வருடம் ஆகும். போட்டிக்கு ஒரு மாதத்துக்குள் இருக்கிறவர்களும் இப்போது வாங்க வேண்டாம். 2021-ல் டோக்கியோவில் மனு பாக்கருக்கே போட்டி நடுவில் துப்பாக்கி பழுதாகி, நேரம் போய், இறுதிச்சுற்றுக்கு வர முடியாமல் போனது. பழகாத துப்பாக்கியைப் போட்டிக்குக் கொண்டுபோவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

போன சனிக்கிழமை கிளப்புக்குள் ஒரு போட்டி நடந்தது. சுடுவதற்கு முன்னால் சோதனை மேசையில் எடையை மாட்டித் தூக்கினார்கள். மூன்று வாய்ப்பு தருவார்கள், முதல் தடவையிலேயே எழுந்தது. எடை ஸ்க்ரூ அசையாமல் இருக்க அதன் தலையில் மகள் தன் நகப்பாலிஷில் ஒரு பொட்டு வைத்திருந்தாள், சோதிக்கிற ஐயா அதைப் பார்த்து, "இது யாரும்மா வெச்சது?" என்று கேட்டார். "நாந்தாங்க சார், நகந்தா தெரிஞ்சுடும்ல" என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வரிசைக்குப் போனாள்.